நிரந்தர வேலை

ஒவியேதோ நகருக்கு மேலே, நரான்கோ மலைச்சரிவில்
காலை பத்துக்குக் கதவைத் திறக்கிறேன்.
பூட்டு புதியது, கதவும் புதியது,
பழையது அதைப் பிடித்திருக்கும் கல்.

சான் மிகேல் கோயிலில் மூன்றிலொரு பங்குதான் மிச்சம்.
மற்றதை ஓடை அரித்தது என்பார் சிலர்,
நிலம் இறங்கியது என்பார் சிலர்.
பயணிகள் உள்ளே நாலு எட்டு வைத்து
"அவ்வளவுதானா?" என்பார்கள்.
அவ்வளவுதான்.
அண்ணாந்து பாருங்கள் என்பேன்.
அகலம் தொலைத்த கட்டடத்துக்கு
உயரம் மட்டும் பிடிவாதமாய் இருக்கிறது.

ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டுகள் என்று
நாளைக்கு ஒன்பது முறை சொல்கிறேன்.
எனக்கு ஒப்பந்தம் அக்டோபர் முப்பத்தொன்று வரை.
நீட்டிப்பார்களா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு
மூன்று வாரமாய்ப் பதில் இல்லை.

வாசலின் இரண்டு நிலைக்கற்களிலும் ஒரே காட்சி.
மேல் கட்டத்தில் ஓர் அதிகாரி,
விளையாட்டைத் தொடங்கிவைக்க உட்கார்ந்திருக்கிறார்.
கீழ்க் கட்டத்திலும் அவரே.
நடுவில்
சாட்டை ஓங்கிய ஒருவன், பாயும் சிங்கம்,
கழிமேல் கை ஊன்றித் தலைகீழாய் ஒரு கழைக்கூத்தாடி.

செதுக்கியவன் சிங்கம் பார்த்திருக்கமாட்டான்.
எங்கள் மேய்ச்சல் நாயின் முகம் அதற்கு,
சோற்றுக்குக் கூப்பிட்டால் வந்துவிடும்.
ஆனால் அந்த ஆளை, தலைகீழானவனை,
எங்கோ பார்த்துத்தான் செதுக்கியிருக்கிறான்.
தோள்பட்டை தெரிந்தவன் கைவேலை அது.

மழை, பனி, ஆடு கட்டிய நூற்றாண்டுகள்,
மலைக்குக் கீழே போர் நடந்த ஆண்டுகள்,
எதிலும் கை மாற்றவில்லை அவன்.
இந்தக் கோயிலில் நிரந்தர வேலை
அவனுக்கு ஒருவனுக்குத்தான்.
சம்பளம் பற்றிக் கேட்காதீர்கள்.

இன்று மியேரெஸிலிருந்து ஒரு பள்ளிக்கூடம்.
தூறல்; ஓர்பாயு என்போம் இங்கே,
குடையை விரித்தால் வெட்கம், மடக்கினால் நனைவு.
நான் கமானங்களைச் சொல்லிக்கொண்டிருக்க
ஏனோல் என்றொரு பையன் வரிசையை விட்டு நழுவி
வாசலுக்கு முன் ஈரப்புல்லில் கை ஊன்றி
காலை மேலே வீசினான்.
சட்டை வழிந்து முகத்தில் விழுந்தது,
பையிலிருந்து இரண்டு காசும் ஒரு பஸ் சீட்டும்.
"ஏனோல்!" ஆசிரியை ஓபாயாவின் குரல்
கூரையில் இருந்த புறாவைக் கிளப்பிற்று.
நான் கடிகாரம் பார்த்தேன், ஏனென்று தெரியாது.
பதினொரு நொடி.
விழுவதற்கு முன் அவன் கத்தினான்:
"டீச்சர், அந்த ஆள் நேராத்தான் நிற்கிறான்!"

அவர்கள் போனார்கள். பிறகு ஒரு ஜெர்மன் தம்பதி,
பிறகு நனைந்த திருமண ஜோடி,
வழி தவறி, மேலே சாந்தா மரியாவுக்குப் போகவேண்டியவர்கள்;
அங்கேதான் படிக்கட்டு படத்துக்கு நன்றாக விழும்.
மணப்பெண் கையில் செருப்பு.
இவனை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்கு யாருமில்லை.
கல்லைத் தொடக் கூடாது என்பது என் சொந்த அறிவிப்பு,
தொடவில்லை.
வாசலுக்கு முதுகு காட்டி நின்று
மெல்லக் குனிந்து
கால்களுக்கு நடுவே பார்த்தேன்,
நாற்பத்தாறு வயது முழங்கால் முனகியது.

சரிதான் பையா.
அவன் நேராக நின்றான்,
உத்தரத்தைத் தாங்குகிறவன்போல்
இரண்டு கையையும் மேலே உயர்த்தி.
அதிகாரி மட்டும், மேலும் கீழும்,
நாற்காலியோடு தலைகீழாய்த் தொங்கினார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ,
சாந்தா மரியாவைப் பூட்டிவிட்டு இறங்கிய பெனிக்னா
சாவிக்கொத்தோடு என் எதிரே நின்றாள்.
"இடுப்பா?"
"இடுப்புதான்" என்றேன்.
"மலை ஈரம்" என்றாள் அவள், "எனக்கும் உண்டு."
கடைசிப் பேருந்துக்கு ஓடினோம்.