ஞாயிறு, பத்து மணிக்குப் பிறகு

பத்தரைக்கு வருவான் நிமலேசன்.
சப்பாத்தைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்
எத்தனை மேசைக்கு உருக்கிய சீஸ் போனதென்று.
எலுமிச்சை தேய்த்தாலும் அந்த மணம்
திங்கள் மத்தியானம்வரை விரலில் நிற்கும்.

பீல் நகரத்தில் தெருப் பெயருக்கும் இரண்டு மொழி.
எங்கள் வீட்டில் சண்டைக்கும்.
அவனுக்கு ஜெர்மன் வந்தது குசினியில்,
பாதி வசவு, மீதி மரக்கறிப் பெயர்.
எனக்குப் பிரெஞ்சு வந்தது பிள்ளைக் காப்பகத்தில்:
மூக்கைத் துடை, கையைக் கழுவு, வரிசையில் நில்.
ரிமோட் யார் கையிலோ
அந்த இரவு அந்த மொழிக்கு.

அவன் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரி,
எப்போதும் மழைக்கோட்டு, எப்போதும் ஏரிக்கரை,
எப்போதும் காலடியில் ஒரு பிணம்.
"ஞாயித்துக்கிழமை ஒரு கொலை இல்லாட்டி
இவையளுக்கு நித்திரை வராதோ?" என்பேன்.
என் பக்கத்தில் நாலு பேர், ஒரு மேசை, ஒரு புத்தகம்,
எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள்.
"சாப்பாடு வைக்காமல் என்ன கோதாரிக்கு மேசை?" என்பான்.
இத்தாலியச் சேனல் இருவருக்கும் விளங்காது,
ஆகவே அங்கே சமாதானம், பத்து நிமிடம்.
இன்னொன்றில் ரயிலின் நெற்றியில் கமெரா கட்டி
விடியும்வரை தண்டவாளம் மட்டும்.
தமிழ்ச் சேனலுக்குச் சந்தா முடிந்து ஆறு மாதம்;
ஒரு மாமியாரின் கண் பெரிதாகி
பெரிதானபடியே நின்றுவிட்டது.

கீழ்வீட்டு மதாம் ரொசாத்
சத்தம் ஏழைத் தாண்டினால் தும்புத்தடியால் கூரையை இடிப்பார்.
மூன்று இடி. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.
மறுநாள் லிஃப்டில் அன்பாக நலம் விசாரிப்பார்.

ஒரு ஞாயிறு, கடுப்பில்,
சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டான்.
பொலிஸ்காரி குனிந்து வாயைத் திறந்தாள்.
நான் சொன்னேன்: "அண்ணை, உங்கடை வாடகை பாக்கி."
பிணத்துக்காக அவன்: "அதாலைதான் படுத்திருக்கிறன்."

அன்றிலிருந்து பெண்கள் எனக்கு, ஆண்கள் அவனுக்கு.
நாய் வந்தால் முந்தியவருக்கு.
நள்ளிரவில் கத்தி விற்கும் மனிதன்
அவன் வாயால் கூவுவான்:
"தக்காளியை வெட்டும், சப்பாத்தை வெட்டும்,
சீட்டுக்காசு கட்டாத மச்சானின் உறவையும் வெட்டும்!"
சிரிப்புக்கு இடி விழுந்தது ஒருமுறை.
அதுவும் மூன்றுதான்.

போன ஞாயிறு ஏதோ பழைய படம், கறுப்பு வெள்ளை.
ஒரு குசினி. ஒருத்தன் உருளைக்கிழங்கு உரிக்கிறான்.
கோட்டுப் போட்டபடி ஒருத்தி, கையில் பை.
அவள் வாய் அசைந்தது.
என் முறை.

"லோசானிலை வேலை கிடைச்சிருக்கு.
கிழமைக்கு நாலு இரவு அங்கை தங்கவேணும்.
கடிதம் வந்து ஒன்பது நாள்."

படத்தில் தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது.
அவன் வாய் திறக்கவில்லை,
ஆதலால் இவனுக்கும் வசனம் இல்லை.
பிறகு அவன் திறந்தான்.
நிறையக் கதைத்தான், கத்தியை ஆட்டி ஆட்டி,
ஒருதரம் சிரித்தும்.
நிமலேசன் ஒரு சொல் கொடுக்கவில்லை.
அந்த மனிதன் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்
திரையில் சொட்டும் குழாய் மட்டும் இருந்தபோது
கேட்டான், தன் சொந்தக் குரலில்:

"முதல் ரயில் எத்தனை மணிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் பார்த்திருக்கவில்லை.
அவன் சேனலை மாற்றினான்.
தண்டவாளம். பனி. யாருக்கும் வாய் இல்லை.
ஒரு பாலம் போனது, ஒரு சின்ன நிலையம்,
நிறுத்தாமல்.
சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திரை கறுத்து
சோஃபாவில் நாங்கள் இருவர் தெரிந்தோம்,
யார் வாய் முதலில் அசையுமென்று பார்த்தபடி.

அந்தச் சுரங்கம் நீளம்.