பத்துக்கு எத்தனை

பத்துக்கு எத்தனை என்கிறார் துஷானி மிஸ்,
ஒவ்வொரு புதன்கிழமையும்.
பூச்சியம் என்றால் நோவே இல்லை,
பத்து என்றால் தாங்கவே ஏலாது.
எனக்குக் கிலோவில்தான் சொல்ல வரும்.
இன்றைக்குப் பதினாறு, மிஸ். ஈரக் கொழுந்து.
தண்ணிக்கு இரண்டு கழித்துவிட்டுச் சொல்கிறேன்.
சிரிக்காமல் எழுதிக்கொள்கிறார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியின் பின்பக்கம்,
முன்பு எக்ஸ்ரே எடுத்த அறை.
நானுஓயாத் தண்டவாளத்தில் முப்பது வருஷம்
சம்மட்டி தூக்கிய விக்கிரமரத்ன,
கவ்வாத்துக் கத்திக்கு மணிக்கட்டைக் கொடுத்த வைரக்கண்ணு,
கார்மெண்ட்ஸில் கழுத்துப் போன நிஸ்ரினா,
இன்னும் ஐந்து பேர், நான்.
படம் பிடித்துப் பார்த்தால்
எங்களில் யாருக்கும் ஒன்றும் இல்லையாம்.
ஒன்றும் இல்லாத ஒன்பது பேர்.

முதல் நாள் ஆளுக்கொரு தாள் தந்தார்.
பக்கவாட்டில் நிற்கும் ஒரு உருவம், முகம் கிடையாது.
நோகிற இடத்துக்கு நிறம் அடியுங்கள்.
வைரக்கண்ணு சிவப்பால் மணிக்கட்டைக் கிழித்தே விட்டார்.
நிஸ்ரினா கழுத்துக்கு ஊதா.
நான் உருவத்தைத் தொடவில்லை.
அதன் முதுகுக்குப் பின்னால், வெறும் தாளில்,
பச்சையைக் குவித்தேன்
பென்சில் கட்டையாகும் வரை.
கூடையை இறக்கி ஒன்பது மாதம்.
நோவு இன்னும் அங்கேதான் தொங்குகிறது,
தலையில் கயிறு போட்டு.

இன்று தப்பு கொண்டுவந்திருந்தார்கள்.
தேத்தண்ணி அடுப்பில் தோலைக் காய்ச்சினார் வைரக்கண்ணு.
எங்கள் லயத்தில் பொம்பளைகள் அதைத் தொட்டதில்லை;
காமன் கூத்தென்றாலும் சாவென்றாலும்
ஆம்பளைக் கைதான்.
இந்த அறைக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை.

விக்கிரமரத்ன காலால் ரயில் ஓட்டினார்,
நாங்கள் ஏறிக்கொண்டோம்.
கை தோளுக்கு மேலே போகாதென்று
என் கொப்பியில் எழுதியிருக்கிறது.
எவ்வளவு போனதென்று நான் பார்க்கவில்லை.
காது வரைக்கும் அக்கா,
என்றாள் நிஸ்ரினா பிறகு. நம்பவில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
அந்தக் கொஞ்ச நேரம் நிறுக்க யாரும் இல்லை,
அரைப்பேர் இல்லை, முழுப்பேர் இல்லை,
பிந்தியவர் பிந்தியே அடித்தார்,
ஒருவரும் ஏசவில்லை.

இப்போது எத்தனை?
பதினாறுதான் மிஸ். குறையவில்லை.
தராசுக்கு முன்னால் கொஞ்சம் இறக்கி வைப்போமே,
அப்படி இருந்தது.
திரும்பத் தூக்க வேண்டியதுதான்.
அதையும் எழுதினார்,
கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில்.

பஸ்ஸில், மூன்றாவது வளைவிலேயே
தோள் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது.

ராத்திரி தண்ணி கொதிக்கும் வரை
மா டின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
அடுத்த காம்பராவில் நாகேஸ்வரியின் இருமல் நின்றது.
சத்தத்துக்கு ஏசப்போகிறாள் என்று
கையை எடுத்துக்கொண்டேன்.

சுவரில் இரண்டு தட்டு.
பிறகு, நல்லாவே பிந்தி, மூன்றாவது.

அவளுக்கு இடுப்பு.