ரெண்டு கோடு

ஹட்டன் ஹார்ட்வெயார் கடையில்
மூன்று மாதிரி ஜன்னல் நிறுத்தியிருந்தார்கள்,
சுவரில்லாமல்.
ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
அதே சிமெந்து மூட்டை.

அலுமினியம் வழுக்கிக்கொண்டு போனது.
அழகுதான்.
ஒரு பாதி திறந்தால் மறு பாதி மூடிக்கொள்ளும்,
தோட்டத்துச் சம்பள உயர்வு மாதிரி.
லூவர் வேண்டாம்.
மார்கழிப் பனி விரல் நுழைக்க
அத்தனை இடுக்கு எதற்கு?

பங்களாவில் இருக்கிற மாதிரி
வெளியே புடைத்த ஜன்னல் என்றார் இவர்.
ஏழு பேர்ச்சஸில் அது புடைத்தால்
பக்கத்து வீட்டுத் தவமணியின்
குழம்புச் சட்டியில் போய்த்தான் நிற்கும்.

விமலதாச பாஸ் மலைப்பக்கம் கை காட்டினார்.
"நல்ல வியூ, அக்கே."
காலை ஏழரையிலிருந்து
அந்த மலைதான் என் முதுகைப் பார்க்கிறது.
ராத்திரியும் வந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

லயத்துக் காம்பராவிலும்
ஜன்னல் என்று ஒன்று இருந்தது,
உரச் சாக்கு அடைத்து.
மழை விட்டாலும் சாக்கை உருவ யாருக்கும் தோன்றாது.
உருவினால் தெரிவது
எதிர் லயத்துச் சாக்கு.

பிறகு அத்திவாரத்துக்குள் இறங்கி
ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
படுக்கிற அறை, ஒன்றுமில்லை.
சாமி மூலை, ஒன்றுமில்லை.
குசினியில் ஒரு கோடு
வந்தது, போனது.
தென்மேற்கு மூலையில்
மணல் குவியல் மேல் ஏறியதும்
ரெண்டு கோடு.
அசையாமல் நின்றது.

கட்டுநாயக்கவில் ஜெயவாணி
மெஷினை விட்டு எழும்பும்போது ஒன்பது மணி.
பத்துக்குத் தூங்கிவிடுவாள்.

"இங்கே" என்றேன்.
பாஸ் தலையில் கை வைத்தார்.
மழை நேராக அடிக்கிற பக்கம்,
ஆனி ஆடியில் பலகை ஊதிவிடும்,
கொக்கி துரு ஏறும்.
அவர் சொன்னது எல்லாமே சரி.

அதனால்
மரத்தில் இரட்டைக் கதவு, வெளியே திறக்கிறது.
அந்தப் பக்கம் பள்ளம், யாரையும் இடிக்காது.
மேலே ஒன்றரை அடிக்குத் தகரம்.
கீழ்க்கட்டை மட்டும் அகலமாக,
ஒரு முழங்கை, ஒரு ஃபோன், ஒரு கோப்பை பிளேன்டீ.
எவ்வளவு அகலம் என்று கேட்டார்.
பலகையில் கையை வைத்தேன்.
பென்சிலால் சுற்றிக் கீறினார்.

கூரை இன்னும் பாதிதான்.
நேற்று நிலையை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார்கள்.
ஒன்பதேகாலுக்குக் குடையோடு போய்
கட்டையில் முழங்கை ஊன்றி நின்றேன்.
கதவில்லாத சட்டம் வழியாக
முகத்திலேயே அடித்தது.

"என்னம்மா அங்கே இரைச்சல்?"

"ஜன்னல்" என்றேன்.