ஏழாவது கலவை

சிமெண்டு ஒன்று, ஈயக்குட்டை மணல் இரண்டரை,
ஆலை பாய்லர் சாம்பல் ஒரு மீலோ டின்.
கணக்கு நோட்டில் ஆறாவதற்கு நேரே
‘மூக்கு போச்சு’ என்றிருக்கிறது.

அச்சில் செம்பனை எண்ணெய் தடவு,
சிங்கம் வழுக்கிக்கொண்டு வரும் என்றான் தர்மலிங்கம்.
வந்தது,
பாதிப் பிடரியை உள்ளேயே விட்டுவிட்டு.

பத்தாங் பெர்ஜுந்தையில்
யாப் தவுக்கே கடை வாசலுக்கு ஒன்று,
முனியாண்டி கோயில் படிக்கு ஒன்று.
இரண்டு அச்சாரம், ஒரே அச்சு.
இதை நோட்டில் எழுதவில்லை.

நாலு மணி மழைக்கு
ஈரச் சாக்குமேல் தார்ப்பாய் போட்டுக்
கை வைத்துப் பார்த்தேன்: உள்ளே காய்ச்சல்.

ஏழாவது கறுத்துப் பிறந்தது. சாம்பல் கூடிவிட்டது.
சுண்டினால் வெண்கலம்போல் கேட்டது.
‘கறுப்பு ஓங் இல்லை தம்பி’ என்றார் தவுக்கே.
முனியாண்டி
ஒன்றும் சொல்லவில்லை.