தேறும்

தங்கச்சிமடம் மெயின்ரோட்டில்
என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே
அடகு நகை மீட்டுத் தரப்படும் என்றொரு பலகை.
நாலு கடை தள்ளி, கோயில் சுவரில்,
நம் மீட்பர் வருகிறார்.
இரண்டுக்கும் பெயிண்ட் அடித்தவன் ஒருவன்தான்.
இரண்டிலும் ‘மீ’ கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

நான் மனு அடிப்பவள்.
ஐயா, வணக்கம் வரைக்கும்
கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும்.
தகராறெல்லாம் அதற்குக் கீழே.

ஆளைப் பிடித்துப் போனால் விடுதலை கேட்க வேண்டும்.
படகைப் பிடித்துப் போனால் மீட்பு.
மாற்றி அடித்தால் மீன்துறை ஆபீசில்
கட்டின் அடிக்குப் போய்விடும்.
வலை போனால் நிவாரணம்.
நிவாரணம் என்றால்
போனது வராது என்று பொருள்.

பாம்பனில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றியிருந்த நாளில்
பிரஸ்நேவ் வந்தார்,
காகிதங்களைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு.
பத்தொன்பது மாதமாகப் படகு
காரைநகரில் கிடந்தது.
ஆட்களை அப்போதே விட்டுவிட்டார்கள்.
படகை விட அங்கத்திக் கோர்ட்டுக்கு
இவ்வளவு நாள் ஆயிற்று.
போய்ப் பார்த்து வரப் பத்துப் பேருக்கு அனுமதி.
அந்தப் பட்டியலை அடித்ததும் நான்தான்,
மேலே கொட்டை எழுத்தில் மீட்புக் குழு.
அன்றைக்கு அவர் சிரித்தார்:
“குழுன்னா வாராவாரம்
காசு வாங்க வர்றவங்கதானம்மா.”

இன்றைக்கு அறிக்கை.
அவர் சொல்லச் சொல்ல நான்.

அணியம், தேறாது.
இடப்பக்கப் பலகை, புழு தின்றது, தேறாது.
வீல்ஹவுஸ் கூரை இல்லை.
வின்ச் இல்லை. போல்ட் இருந்த ஓட்டைகள் இருக்கின்றன.
பேட்டரி ரெண்டு, அதை எழுதவே வேண்டாம்.
என்ஜின்.

நிறுத்தினார்.
ரோட்டில் ராமேஸ்வரம் பஸ் ஒன்று
தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

“தேறும்னு போடு.”
“உப்புத்தண்ணி உள்ள போயிருச்சுன்னீங்களே?”
“போயிருச்சுதான்.
ஹெட்டைப் பிரிச்சு, டீசல்ல குளிப்பாட்டி,
ஒரு வாரம் கூடவே கெடந்தா தேறிரும். போடும்மா.”

அந்தச் சொல்லை நான்
பரீட்சைக்கு வைத்திருந்தேன் (கெமிஸ்ட்ரியில் தேறவில்லை),
பிறகு ஒரு மார்கழியில்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி வராந்தாவுக்கு.
தேறிருவாரா டாக்டர்?
பார்ப்போம் என்றார்.
அது வேறு சொல்.

மீட்க, வெளியிலிருந்து ஒரு கை வர வேண்டும்.
பணமோ கோர்ட்டோ சிலுவையோ.
தேறுவது அப்படியில்லை.
கிடக்கிறதே, அதுவே
தனக்குள் எதையோ பிடித்துக்கொண்டு
எழுந்திருக்க வேண்டும்.
பக்கத்தில் இருப்பவர்கள் டீசல் ஊற்றலாம். அவ்வளவுதான்.

படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.
மீட்கத் தக்கது.
மீட்க இயலாதது.
எதில் டிக் அடிக்க என்று கேட்டேன்.

“காசு எதுக்கு வரும்?”
“இயலாததுக்கு.”
“என்ஜின் மட்டும் தேறும்னா?”
“வராது.”

கண்ணாடி இல்லாமல்
திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.
என்ஜின் என்ற சொல்லை
விரலால் தொட்டார் என்று நினைக்கிறேன்.
திரையில் ஒரு கிரீஸ் தடம் இருந்தது.

“இயலாததுல போடு.”

போட்டேன்.
தேறும் என்பதற்குப் பின்னால் கர்சரை வைத்து
ஒவ்வோர் எழுத்தாக அழித்து
தேறாது என்று அடித்தேன்.
வாசல் வரை போனவர் திரும்பி,
“ஆனா அது தேறும். ஒனக்குச் சொல்றேன்” என்றார்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மழைக்கு ஒதுங்கியவர்களோடு
அவரும் நின்றிருந்தார், யாரோடும் பேசாமல்.
இருபது நிமிஷம்.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் கேட்டது:
சேமிக்காமல் விட்ட கோப்பை மீட்டெடுக்கவா?
எடு என்றேன்.
எடுத்துக் கொடுத்தது, அதற்குத் தெரிந்த வரைக்கும்.
அணியம், தேறாது.
பலகை, தேறாது.
என்ஜின், தேறும்.

திருத்துவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.