காய் வெடிக்காத ரகம்

சனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
டிராக்டர் பேட்டரியும் உள்ளே வந்து
அடுப்பருகே படுத்துக் கிடக்கிறது.

சமையல் மேசையில் விதைப் பட்டியல்,
பென்சில், ஆறிய காபி.
முதல் கனோலா விளைச்சலில் ராஜா;
நூற்றெட்டு நாள் கேட்கிறது.
ஆகஸ்ட் கடைசியில் உறைபனி வந்து
கணக்கை முடித்துவிடும் ஊர் இது.
இரண்டாவது சீக்கிரம் முற்றும்,
மேல்காற்று ஒரு தட்டுத் தட்டினால்
பாய் விரித்துப் படுத்துவிடும்.

நட்சத்திரக் குறிகள் எல்லாம்
இருநூறு கிலோமீட்டர் வடக்கே
யாரோ ஒருவரின் கருமண்ணில் விளைந்தவை.
என் தென்மூலை உவர் பூத்து
மே மாதத்திலும் வெண்பனி போலக் கிடக்கும்.
அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

தம்பி லார்ன் வாய் திறக்கவில்லை.
ஈரத்தாளில் சுருட்டி ஃபிரிட்ஜ் தலையில் வைத்த
நூறு மசூர் விதைகளை விரித்து எண்ணுகிறான்.
தொண்ணூற்றிரண்டு முளை.
வராத எட்டை நகத்தால்
புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான்.
எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டான்.
இடுப்பிலிருந்து ஒரு சத்தம்.
எனக்கும் கேட்டது.

ரெஜைனா ஆஸ்பத்திரிக் கடிதம்
பட்டியலுக்குள்தான் இருக்கிறது, பக்க அடையாளமாக:
செப்டம்பர் ஒன்பது, மூட்டு மாற்று.
அறுவடையின் நட்ட நடுவில்.

மூன்றாவது ரகம்.
ஏக்கருக்கு இரண்டு புஷல் குறைவு.
முற்றினாலும் காய் வெடிக்காது;
பத்துப் பதினைந்து நாள்
விதையை இறுக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.

விதைக்கடை கெர்ஹார்ட் போனில் சிரித்தான்:
"போன வருஷம் அரை புஷலுக்குச் சண்டை போட்டவள் நீ!"
காற்று பலமாய் இருந்தது, லைன் சரியில்லை.
நாற்பது மூட்டை என்று மட்டும்
இரண்டு முறை கத்தினேன்.