தீட்டு

எத்தனை தலை வாங்கியது என்று கேட்பார்கள்
வீட்டுக்கு வருகிறவர்கள்.
ஒன்றுமில்லை என்பேன். என் மகனுக்கு
ஈசூனில் வீட்டுச் சாவி கிடைத்த வருடம் பிறந்த வாள்.
அடித்த கொல்லனுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு,
முழங்கால் வலி, இரண்டு பெண் குழந்தைகள்.
புத்தாண்டுக்குப் பனி மூடிய பட்டறைக் கூரையைப்
படமெடுத்து அனுப்புவார்.
பழசு இல்லையா, என்று முகம் சுருங்கும்.
ரத்தம் காணாத வாளுக்கு
விருந்தாளிகளிடம் மதிப்பில்லை.

பகலில் துவாஸ் கப்பல் பட்டறையில் எனக்கு வேலை
துரு தேடுவது.
கப்பலின் வயிற்றில் கருவியை வைத்தால்
தகடு எவ்வளவு தேய்ந்தது என்று எண் சொல்லும்.
உப்பையும் மழையையும் திட்டிவிட்டு
ஏழு மணிப் பேருந்தில் திரும்பி,
ஏர்கானை உலர்த்தும் பொத்தானில் போட்டு,
கை கழுவி, துடைத்து, மறுபடி துடைத்து,
மூச்சு படாதிருக்க
உதடுகளுக்கிடையே ஒரு தாளைக் கவ்விக்கொண்டு
உறையிலிருந்து முதலில் அரை அங்குலம்,
பிறகு முழுவதும்.

விளக்கைச் சாய்த்தால் தெரியும்.
விளிம்போரம் வெண்மையாய் ஒரு நீரோட்டம்,
ஆறுகிற பாலில் ஆடை ஒதுங்குவதுபோல்.
அதற்கு மேலே இரும்பில் மரத்தின் வரி.
இதைப் பார்க்கத்தான் மூன்று வருடச் சேமிப்பு,
காவல்துறை அனுமதிக் கடிதம்,
அக்காவின் "உனக்கென்ன பைத்தியமா".

போன தீபாவளிக்கு அடுத்த வாரம்
அதில் ஒரு கட்டைவிரல் இருந்தது.
செம்பழுப்பாய், சுழி சுழியாய்,
பத்திரத்தில் வைத்த கைநாட்டுபோல.

தெய்வீகன்தான். என் கொழுந்தன்.
அதிரசம் தின்ற கையோடு வாங்கிப் பார்த்தவன்.
நான் கேட்கவில்லை. பேசவும் இல்லை.
குடும்பக் குழுவில் காலை வணக்கம் என்று
தினம் ஒரு பூப்படம் போடுவான்.
பார்த்துவிட்டேன் என்று நீலக் கோடு காட்டும், அவ்வளவுதான்.
பொங்கல் வந்தது, போனது.

தீட்ட அனுப்பினேன்.
என்ன சொல் இது!
ஓவியமும் தீட்டுவோம், அரிசியும், கத்தியும்;
கை பட்டால் ஆகாது என்பதற்கும்
அதே எழுத்துகள்.

மெருகுகாரர் மினாகவா
தாழ்ந்த மணையில் குந்தி, சட்டத்தைக் காலால் மிதித்து,
கலங்கிய வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டு,
கல்லுக்குப் பின் கல்.
முரட்டுக் கல்லின் கீறலை அடுத்த கல் அழிக்கும்,
அதன் கீறலை அதற்கடுத்தது.
கடைசிக் கல் நகத்தைவிட மெல்லிசு,
தாளில் ஒட்டிய செதில்.
அதைக் கட்டைவிரலுக்கடியில் வைத்து
நாள்கணக்கில் தேய்ப்பாராம்.
விரல் வைத்த கறையை
விரல்தான் எடுக்கிறது.

ஜூனில் அவர் கடிதம் வந்தது:
முழுதும் எடுக்கலாம், அதற்கு இரும்பைக் கொடுக்க வேண்டும்.
இளம் வாள், உடம்பில் சதை இருக்கிறது,
அதற்காக இப்போதே செலவழிப்பானேன்?
முதுகோரம் ஒரு வளைவை விட்டிருக்கிறேன்.
எண்ணெய் போட்டு வந்தால் பரவாது.

கூடவே, தேய்க்கும் முன் பெரிதாக்கி எடுத்த படம்.

சுழியின் குறுக்கே ஒரு கோடு, துருவே பிடிக்காமல்.
தகட்டு விளிம்பு கிழித்து, நாலு தையல் போட்டு,
இரண்டு நாள் மருத்துவ விடுப்பு வாங்கிய கோடு.
பக்கத்தில் வைத்தால் இடவலம் மாறியிருந்தது.
கவிழ்த்து வைத்தேன்.
பொருந்தியது.

அத்தனை கழுவலுக்கும் துடைப்புக்கும் நடுவே
எந்த இரவில், எந்த நொடியில்
கப்பல் உப்போடு இதைத் தொட்டேன்?

தெய்வீகனுக்குப் போன் செய்தேன்.
கார் உரிமத்தின் விலை ஏறிவிட்டது என்று
பத்து நிமிடம் பேசினான். கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை வா, என்றேன்.

வந்தான். நீட்டினேன், வாங்கவில்லை.
போன தடவையே உங்கள் முகத்தைப் பார்த்தேன் அண்ணி, என்று
கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு
குனிந்து, கிட்டத்தில், வெகு கிட்டத்தில் போய்
அந்த வளைவைப் பார்த்தான்.
"இதென்ன, பிறை மாதிரி?"

இரும்பில் அவன் மூச்சு
பனித்து, பரவி, மறைந்தது.
நான் தாளை எடுத்துத் தரவில்லை.